ஊர்த் தண்ணீருக்கு ஒரு தீர்மானம்: கிராம சபையை மக்கள் சுகாதாரத்துக்குப் பயன்படுத்துவது எப்படி

ஊரில் வயிற்றுப்போக்கு பரவினால் முகாம் போடுகிறார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள். தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். பத்து நாளில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த மழைக்கு அதே தெருவில், பெரும்பாலும் அதே வீடுகளில், மறுபடி ஆரம்பிக்கும். மருந்து நோயாளியைத்தான் காப்பாற்றும். சாக்கடைக்குள் ஓடும் குடிநீர்க் குழாயை அது மாற்றிப் போடாது. குழாயை மாற்றப் பணம் ஒதுக்குவது, தொட்டியில் தினமும் குளோரின் கலக்கிறார்களா என்று கணக்குக் கேட்பது, துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடப்பதை மேலிடத்துக்கு எழுதுவது எல்லாம் உள்ளாட்சி எடுக்க வேண்டிய முடிவுகள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அந்த முடிவுகளை எடுக்கவைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கான சட்ட அடிப்படை வலுவானது. 1939-லேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அது இன்றும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சாசனத் திருத்தம் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களை 11-வது அட்டவணையில் அடுக்கியது. அதில் 11-வது குடிநீர். 23-வது மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் உட்பட சுகாதாரமும் துப்புரவும். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்தது. கிராம சபை அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவில் இருக்கிறது. இத்தனை இருந்தும் பல ஊர்களில் கிராம சபை கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுக் கலைகிற கூட்டமாகவே நடக்கிறது. முக்கியக் காரணம், மக்கள் கையில் விவரம் இல்லாமல் வருவது. “தண்ணி சரியில்ல” என்று நூறு பேர் சொன்னாலும் அதில் யாருக்கும் எந்த வேலையும் பிறக்காது.

கீழே உள்ளது குடிநீரை வைத்து எழுதப்பட்டது. கொசு, குப்பை, கழிவுநீர் வாய்க்கால் எதற்கும் இதே வழி பொருந்தும்.

நோயைத் தெருவாரியாக எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். கடந்த இரண்டு வாரத்தில் யாருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, காய்ச்சல் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். வயது, ஆரம்பித்த தேதி, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், கேன் தண்ணீர் வாங்குகிறார்களா, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்ற ஐந்து விவரமும் அவசியம். பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும். கூட்டத்தில் பட்டியலை வாசிக்கும்போது ஒரு குடும்பத்தின் நோய் ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது. மகளிர் குழுவில் இருப்பவர்கள் போனால் விவரம் உண்மையாக வரும். தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையின் பேதியைக் கவனிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருக்கிறது.

பிறகு ஒரு தாளில் தெருக்களை வரைந்து, தொட்டி, வால்வு, குழாய் போகும் பாதை, வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்து, நோய் வந்த வீடுகளுக்குப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தால் தொட்டியையோ நீர் ஆதாரத்தையோ சந்தேகிக்கலாம். ஒரே குழாய் வரிசையில் ஒரு வளைவுக்கு அப்பால் மட்டும் குவிந்திருந்தால் அந்த வளைவில்தான் கசிவைத் தேட வேண்டும்.

ஒரே வாரத்தில் ஒரே தெருவில் மூன்று நான்கு பேருக்குப் பேதி என்றால் கிராம சபைக்காகக் காத்திருக்காதீர்கள். நர்ஸம்மாவிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியின் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்து. குழந்தை சோர்ந்து படுத்தாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

கடைசிக் குழாயில் குளோரினைப் பாருங்கள்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி குளோரின் கலந்து வழங்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின், அதாவது கிருமியைக் கொன்றது போக மிஞ்சி நிற்கும் குளோரின், இருக்க வேண்டும். தொட்டியில் இருந்தால் போதாது. தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் அது இருக்க வேண்டும்.

பார்ப்பதற்குக் குளோரோஸ்கோப் எனும் சின்னப் பெட்டி போதும். டேங்க் ஆபரேட்டரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் இருக்க வேண்டிய கருவி இது. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மருந்தை அதன் மேல் எழுதியுள்ள அளவில் விட்டு, உடனே நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆர்த்தோ டொலிடின் மருந்து என்றால் மஞ்சள் நிறம் வரும், டி.பி.டி. மாத்திரை என்றால் இளஞ்சிவப்பு. ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தால் நிறம் கூடிவிடும், அளவு தப்பாகிவிடும். சோதித்த தண்ணீரைக் குடிக்கவோ குடத்தில் ஊற்றவோ கூடாது. வாசனையை நம்பாதீர்கள். அழுக்கோடு சேர்ந்து செயலிழந்த குளோரினும் நன்றாக வாடை அடிக்கும்.

தொட்டிக்கு அருகில், நடுவில், கடைசியில் என மூன்று குழாயில், தண்ணீர் விட்டு அரை மணி நேரத்துக்குள், ஏழு நாள் தொடர்ந்து பாருங்கள். தேதி, நேரம், அளவு எழுதுங்கள். ஒருநாள் சோதனையை “அன்னைக்கு மட்டும் பவுடர் தீர்ந்துபோச்சு” என்று தட்டிவிடலாம். ஒரு வாரப் பட்டியலை அப்படித் தட்ட முடியாது.

தொட்டி அருகே 0.5 இருந்து கடைசியில் பூச்சியம் என்றால், வழியில் அழுக்கு கலந்து குளோரினைத் தின்கிறது. நம் ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். முதலாவது, குழாய் வாய்க்காலுக்குள் போவது. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே போகும். நிறுத்திய பிறகு குழாய் காலியாகும்போது சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களில் முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் கலங்கலாக வருகிறது. இரண்டாவது, அழுத்தம் போதாமல் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்குவது. மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்று குழாய் வாயையே மூழ்கடிக்கும். மூன்றாவது, வீட்டு மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுவது. ஒரு வீட்டு மோட்டார் தெருவிலுள்ள எல்லாக் கசிவிலிருந்தும் சாக்கடையை உள்ளே இழுக்கும். இந்த மூன்றாவது ஊரார் தாமே செய்கிற தவறு. கூட்டத்தில் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். பேசாவிட்டால் புதுக் குழாய் போட்டும் பலனில்லை.

தொட்டி அருகிலேயே பூச்சியம் என்றால் குளோரினே போடவில்லை, அல்லது போட்ட பவுடரில் சத்து இல்லை.

பிளீச்சிங் பவுடர் கணக்கு

எவரும் போடக்கூடிய கணக்கு இது. ஊராட்சியிடம் கேட்கும் கேள்விகளில் இதைப்போல் தப்பிக்க முடியாத கேள்வி வேறில்லை.

நடைமுறை அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். 30,000 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்ப 120 கிராம். காலை மாலை இருமுறை நிரப்பினால் நாளுக்கு 240 கிராம், மாதத்துக்கு 7.2 கிலோ. ஊராட்சியில் இப்படி மூன்று தொட்டி இருந்தால் மாதம் 21.6 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 260 கிலோ. 25 கிலோ மூட்டையில் பத்துக்கும் மேல். இப்போது ஊராட்சியின் செலவுப் பட்டியலைப் பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் இரண்டு மூட்டைதான் வாங்கியிருக்கிறார்கள் என்றால் தினமும் குளோரின் கலக்கப்படவில்லை. வாங்கியதாகச் சொல்லும் மூட்டை வாய்க்கால் ஓரமும் தூவப்பட்டது என்றால் தொட்டிக்குப் போனது இன்னும் குறைவு. தெருவில் தூவிய பவுடர் வெயிலில் வீணாகும், யாருடைய பேதியையும் தடுக்காது. பவுடரின் இடம் தொட்டி.

கலக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் ஒழுங்காகப் பரவாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி நிரம்பும்போதே ஊற்றினால் தானாகக் கலக்கும். ஊற்றியபின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். பல ஊர்களில் தவறுவது இந்த அரை மணி நேரம்தான். மின்சாரம் வந்ததும் மோட்டாரும் வால்வும் ஒன்றாகத் திறக்கப்படும், தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போய்விடும். மூட்டையைத் திறந்தபடி மோட்டார் அறையில் போட்டு வைத்தால் ஈரமும் சூடும் பட்டு இரண்டு மூன்று மாதத்தில் சத்து போய்விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், நிழலான இடம், வாங்கிய தேதி எழுதிய சீட்டு மூன்றும் வேண்டும்.

தொட்டியின் மேல் மூடி, ஏணிக்குப் பூட்டு, கழுவிய தேதியும் அடுத்துக் கழுவ வேண்டிய தேதியும் பெயின்ட்டில் எழுதப்பட்டிருப்பது ஆகியவற்றையும் பாருங்கள். மாதம் இருமுறை கழுவ வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரியவந்தது. எந்தத் தெருவின் தொட்டி கழுவப்படுகிறது, எந்தத் தெருவின் தொட்டிக்கு மூடியில்லை என்பதைச் சாதியைத் தள்ளிவைத்துப் புரிந்துகொள்ள முடியாது. உங்கள் பட்டியலில் காலனித் தொட்டி முதலில் வரட்டும்.

ஆய்வகச் சான்று

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. பொதுமக்களும் சிறு கட்டணத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி இரண்டு லிட்டர் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு அப்படிக் கூடாது. ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அதை அலசக் கூடாது. குழாய் வாயைத் துடைத்துத் தீயில் சுட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த பாட்டில் தரும் முடிவை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

முடிவில் பார்க்க வேண்டியவை சிலவே. மலத்திலிருந்து வரும் கிருமியான ஈ. கோலை 100 மில்லியில் இருக்கவே கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. அது மிகுந்தால் பெரும்பாலும் கழிவுநீரோ உரமோ கிணற்றில் இறங்குகிறது. கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை. புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, வேறு வழியில்லையென்றால் 1.5. புளோரைடு மிகுந்த தண்ணீரைக் காய்ச்சினால் அது குறையாது, நீர் வற்றி இன்னும் செறிவாகும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல தலைமுறைகள் கறை படிந்த பல்லோடும் வளைந்த எலும்போடும் வாழ்ந்ததற்குப் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரே காரணம். அதற்குத் தீர்வு மருந்துக் கடையில் கிடைக்கவில்லை. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குக் கர்நாடகத்துடனான இழுபறியைத் தாண்டி, ஜப்பான் கடன் பெற்று, 2013-ல்தான் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஊராட்சியால் செய்ய முடிவது எது, மாநில அரசின் கதவைத் தட்ட வேண்டியது எது என்பதை ஆய்வக முடிவுதான் உங்களுக்குச் சொல்லும். கிருமி என்றால் ஊராட்சி. புளோரைடு என்றால் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஆகவே சட்டமன்ற உறுப்பினர்.

கூட்டத்துக்கு முன்பே

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் ஒத்திவைக்கப்படுவதுண்டு. தண்ணீர்ப் பிரச்சினைக்கு மார்ச் 22 பொருத்தமான நாள், அது உலகத் தண்ணீர் தினம். ஆனால் பணம் தேவைப்படும் வேலை என்றால் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அந்தச் சுற்றில்தான் உருவாகத் தொடங்கும். திட்டத்தில் ஏறாத வேலைக்கு மார்ச்சில் எவ்வளவு சத்தம் போட்டாலும் “நிதி இல்லை” என்ற பதிலே வரும்.

கூட்டப் பொருள் பட்டியல் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து எல்லா ஊராட்சிக்கும் ஒரேமாதிரி வரும். உங்கள் பொருளை அதில் சேர்க்க, பத்து நாள் முன்னதாகவே தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் ஊராட்சிச் செயலரிடம் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல் இருந்தால் தனி அலுவலருக்குக் கொடுங்கள். ஒப்புகை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதே ஒப்புகை. முன்கூட்டிக் கொடுக்காத பொருள் “இதர” என்ற தலைப்பில் கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை. நூறு நாள் வேலைக்கு வருபவர்களை அழைத்துவந்து எண்ணிக்கையை நிரப்புவது வழக்கம். அவர்களில் பலர் உங்கள் பட்டியலில் உள்ள வீட்டுக்காரர்கள்தான். முதல் நாளே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரே ஆள் எழுந்து எல்லாவற்றையும் பேசினால் அது அவருக்கும் தலைவருக்கும் உள்ள தனிப்பகையாகக் காட்டப்பட்டுவிடும். நோய்ப் பட்டியலை ஒருவர், குளோரின் அளவை இன்னொருவர், பவுடர் கணக்கை மூன்றாமவர், தீர்மானத்தை நான்காமவர் வாசிக்கட்டும். நான்கு பேரில் குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம் இது. கிராம சபையில் பெண்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவதை வழக்கமென்று விடக் கூடாது.

தீர்மானத்தின் வாசகம்

மற்ற எல்லா வேலையும் இந்த ஒரு பத்திக்காகத்தான். தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

வழக்கமாக நோட்டில் ஏறுவது இப்படி இருக்கும்: “பொதுமக்களுக்குச் சுகாதாரமான குடிநீர் வழங்க உரிய நடவடிக்கை எடுக்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” யார், எங்கே, எப்போது, எந்தப் பணத்தில் என்று எதுவுமே இல்லை. இதை நிறைவேற்றாமல் இருப்பவரைப் பிடிக்கவே முடியாது.

இருக்க வேண்டிய வாசகம் இந்த மாதிரியில்: “கிழக்குத் தெருவுக்கு 2-ம் எண் மேல்நிலைத் தொட்டியிலிருந்து செல்லும் குழாய் சுமார் 40 மீட்டர் கழிவுநீர் வாய்க்காலுக்குள் செல்கிறது. கடந்த மாதம் இத்தெருவில் 11 வீடுகளில் 17 பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதற்கான பட்டியலும், கடைசிக் குழாயில் ஏழு நாளும் மீதக் குளோரின் இல்லாததற்கான பதிவும் இச்சபையில் வைக்கப்பட்டன. எனவே, அந்த 40 மீட்டர் குழாயை வாய்க்காலுக்கு வெளியே மாற்றி அமைக்க ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் 15 நாளில் மதிப்பீடு பெற்று, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து 60 நாளில் பணியை முடிக்க ஊராட்சித் தலைவரும் செயலரும் பொறுப்பு. பணி முடியும்வரை இத்தெருவுக்கு 1-ம் எண் தொட்டியிலிருந்து குடிநீர் வழங்கவும், தினமும் கடைசிக் குழாயில் குளோரின் அளவு எடுத்துத் தொட்டிக்குக் கீழுள்ள பலகையில் எழுதவும், அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக இதன் நிலையை அறிக்கையாக வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.”

எண்கள் உங்கள் ஊருடையவை. அமைப்பு மட்டும் மாறக் கூடாது. பழுது இருக்கும் இடம், சான்று, செய்ய வேண்டிய வேலை, பொறுப்பாளர், நாள், நிதித் தலைப்பு, தற்காலிக ஏற்பாடு, திரும்பி வந்து பதில் சொல்லும் நாள். நிதித் தலைப்பு இல்லாத தீர்மானம் அலுவலகத்தில் கோப்பாகக் கிடக்கும். ஒன்றிய அரசின் நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்றே கட்டிவைத்தது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பங்கு எதற்குச் செலவானது என்று கேட்பதே நல்ல தொடக்கம். சிறு செலவுக்குக் கிராம சுகாதார, குடிநீர், துப்புரவுக் குழு என்ற ஒன்று உண்டு. ஊராட்சித் தலைவரும் நர்ஸம்மாவும் சேர்ந்து கையாளும் கணக்கில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும். டெஸ்ட் கிட் வாங்க, தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட அது போதும். அந்தக் குழு இருப்பதே பல ஊர்களில் தெரியாது.

கூட்டத்தில் படிவம் 30 எனப்படும் செலவுப் பட்டியலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். பவுடர் கணக்கை அதோடு ஒப்பிட்டுச் சத்தமாக வாசியுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், எண்ணே வேலை செய்யும். குறைந்த கூலிக்குக் காலையும் மாலையும் தொட்டி ஏறுகிற டேங்க் ஆபரேட்டரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். பவுடர் வாங்கித் தராமல் அவர் எதைக் கலப்பார்?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வருகைக் கையெழுத்தை வெற்றுத் தாளில் வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பின்னால் எழுதுவது நடக்கிறது. தீர்மானம் நோட்டில் எழுதி, வாசித்து, அதன் கீழ் கையெழுத்தான பிறகே எழுந்து போங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துவையுங்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள்

தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், நோய் சம்பந்தப்பட்டது என்பதால் வட்டார மருத்துவ அலுவலருக்கும், மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்புங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தரும் மனுவோடு தீர்மான நகல் இருந்தால், அது ஒருவர் கோரிக்கையாக இல்லாமல் சபையின் முடிவாகப் பதிவாகும். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-ல் பதிவு செய்தால் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தர வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நகல் கேளுங்கள்: குறிப்பிட்ட தேதிக் கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்கள், கடந்த நிதியாண்டில் பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீதுகளும் இருப்புப் பதிவேடும், தொட்டி கழுவிய பதிவேடு, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள். நான்கு வரி போதும். இருபது கேள்வி அடுக்கினால் எதற்குமே ஒழுங்கான பதில் வராது. தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. பதிலுக்கு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

சுகாதார நிலையத்துக்கு வழி வேறு

மருத்துவரையோ செவிலியரையோ நியமிப்பது ஊராட்சியின் கையில் இல்லை. “உடனே டாக்டர் போட வேண்டும்” என்ற தீர்மானம் பரிந்துரையாகவே நிற்கும். ஆனாலும் போடுங்கள், விவரத்தோடு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறி. மலைப்பகுதியில் 3,000, 20,000. உங்கள் வட்டாரத்தின் மக்கள்தொகையை அதோடு வைத்துப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, பாம்புக்கடி மருந்தும் நாய்க்கடி ஊசியும் இன்றைய இருப்பு எவ்வளவு என்று தகவல் சட்டத்தில் கேளுங்கள். காலிப் பணியிடத்தைத் தேதியோடு காட்டும் ஒரு தாள், பக்கத்து ஐந்து ஊராட்சிகளின் தீர்மானங்களோடு சேர்ந்து போனால் மாவட்ட அளவில் அதற்கு எடை வேறு. கட்டடம், கருவி, ஆம்புலன்ஸ் போகும் சாலை போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். அது தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் கேட்பவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு கூடுதல். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பொதுவாகக் குறை சொல்லாமல், காலிப் பணியிடத் தாளைக் கையில் கொடுத்து எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு வரும்போது பழைய தீர்மானத்தின் நகல், இடைப்பட்ட நாள்களின் குளோரின் பதிவு, புதிதாக எடுத்த நோய்ப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். குழாய் மாறியிருந்தால் நோய் குறைந்திருக்கிறதா என்று அதே தெருவில் மறுபடி கேட்டு எழுதுங்கள். வேலை நடக்கவில்லை என்றால் அதே தீர்மானத்தை மறுபடி போடாதீர்கள். “முந்தைய தீர்மானம் இன்னின்ன காரணத்தால் நிறைவேறவில்லை என்று தலைவர் தெரிவித்தார்” என்ற வரியைப் பதிவேட்டில் ஏற்றவையுங்கள். அந்த வரியும் ஒப்புகைகளும் சேர்ந்தால்தான் ஆட்சியரிடமோ நீதிமன்றத்திலோ காட்டும் அளவுக்கு ஒரு கோப்பு உருவாகும்.